ஓடும் புள்ளியும் தாவும் கண்ணும்

கணினித் திரையில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. இடமும் வலமுமாக ஊஞ்சல் போல ஆடுகிறது. அதைக் கண்ணால் விடாமல் பின்தொடர வேண்டும், வேலை அவ்வளவுதான். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களில் பலருக்கு இது சரியாக வருவதில்லை. கண் போன பாதையை வரைபடமாக எடுத்துப் பார்த்தால், வழுவழுவென்று வளைய வேண்டிய கோடு படிக்கட்டாக உடைந்து கிடக்கும். பார்த்ததும் "இதுதான் நோயின் கைரேகை" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அந்தப் படிக்கட்டு குறைந்தது மூன்று விதமான பழுதுகளால் வரலாம். மூளையில் அவற்றின் இடங்களும் வேறுவேறு. எது என்று பிரிக்காமல் எடுத்த அளவு, காய்ச்சல் 102 என்று சொல்வது மாதிரி. உண்மைதான், ஆனால் டெங்குவா டைஃபாய்டா என்பது அதில் இல்லை.

முதலில் கண் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். விழித்திரையில் எழுத்து படிக்கும் அளவுக்குக் கூர்மையான இடம் ஃபோவியா மட்டும். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் அது மறைக்கும் அளவு, ஏறத்தாழ 2 பாகை, அவ்வளவுதான் அதன் ராஜ்ஜியம். மிச்சமெல்லாம் மங்கல். அதனால் கண் ஓயாமல் தாவுகிறது, வினாடிக்கு மூன்று முறை வாக்கில். இந்தத் தாவலுக்கு சக்கேட் என்று பெயர். 20 பாகை தாவ அதற்கு 65, 70 மில்லிவினாடி போதும். புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தால் தாவினால் போதாது, அதே வேகத்தில் கூடவே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இது பின்தொடர்தல். இரண்டும் ஒரே ஆறு தசைகளைக் கொண்டுதான் நடக்கின்றன, ஆனால் ஆணை வரும் வழி வேறு.

வித்தியாசத்தை இப்போதே பார்க்கலாம். எதிர்ச் சுவரின் இடது மூலையிலிருந்து வலது மூலைக்குக் கண்ணைத் தாவவிடாமல் வழுக்கிக்கொண்டு போக முயலுங்கள். முடியாது. வழுக்குவதாக உங்களுக்குத் தோன்றினாலும் பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் கண் குதித்துக் குதித்துப் போவது தெரியும். இப்போது ஒரு விரலை நீட்டி மெதுவாக நகர்த்தி அதைப் பாருங்கள். கண் எண்ணெய் போட்டதுபோல் ஓடும். பின்தொடர்தலுக்கு நகரும் பொருள் ஒன்று வேண்டும், அதன் வேகத்தை மூளை கணக்கிட்டாக வேண்டும். இங்கேதான் மனச்சிதைவு உள்ளே வருகிறது.

இதை முதலில் பதிவு செய்தவர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த இருவர்: மனநல மருத்துவர் டீஃபன்டார்ஃப், உளவியலாளர் ரேமண்ட் டாட்ஜ். கண்ணின் முன்பக்கத் தெளிந்த உறையான கார்னியாவில் பட்டுத் திரும்பும் ஒளியைப் புகைப்படத் தட்டில் பிடிக்கும் வித்தையை டாட்ஜ் ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். ஆடும் ஊசலைப் பின்தொடரச் சொல்லி நோயாளிகளின் கண்ணைப் படமெடுத்தார்கள். அன்று 'டிமென்ஷியா பிரிகாக்ஸ்' என்று அழைக்கப்பட்ட, இன்று மனச்சிதைவு என்று சொல்லும் நோய் உள்ளவர்களுக்குப் பின்தொடர்தல் குறிப்பாகக் கெட்டிருந்தது. 1908-ல் வெளியிட்டார்கள். பிறகு கிட்டத்தட்ட மறந்தே போயிற்று. 1973-ல் அமெரிக்க உளவியலாளர் ஃபிலிப் ஹோல்ஸ்மனும் கூட்டாளிகளும் மறுபடி கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே நோயில்லாத பெற்றோர், உடன்பிறந்தோரையும் சோதித்தார்கள். பாதிக்கு நெருக்கமானோரிடம் அதே கோளாறு. நார்வே நாட்டு இரட்டையர்களில் ஒருவருக்கு நோய் இருந்து மற்றவருக்கு இல்லாத ஜோடிகளிலும், நோயில்லாதவரின் கண் பல நேரம் தடுமாறியது.

"மாத்திரையால் வந்ததாக இருக்கும்" என்ற சந்தேகத்துக்கு 1908-ஆம் வருடமே பதில் என்று தோன்றும். மனச்சிதைவுக்கு முதல் உருப்படியான மருந்தான குளோர்புரோமசின் மனநல மருத்துவத்துக்கு வந்தது 1952-ல். டாட்ஜின் நோயாளிகள் யாரும் அதைக் கண்டதில்லை. பின்னாளில், மருந்தே தொடங்காத புதிய நோயாளிகளிடமும் கோளாறு இருப்பது உறுதியானது. ஆனால் மருந்துக்குப் பங்கே இல்லை என்றும் ஆகிவிடாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி அந்தப் படிக்கட்டைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

புள்ளி நடுவிலிருந்து இருபுறமும் 12 பாகை, 0.4 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஆடுகிறது என்று வையுங்கள். ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டரை வினாடி. நடுவைக் கடக்கும்போது புள்ளியின் வேகம் உச்சம், வினாடிக்கு 30 பாகை. கண்ணின் வேகத்தைப் புள்ளியின் வேகத்தால் வகுத்தால் வருவதுதான் கெயின். நல்ல நிலையில் உள்ள இளைஞருக்கு இது 0.9-க்கு மேல் நிற்கும். 0.8 ஆகக் குறைந்தால் என்ன ஆகும்? புள்ளி 30-ல் ஓடக் கண் 24-ல் ஓடுகிறது. வினாடிக்கு 6 பாகை பின்தங்கல். கால் வினாடியில் 1.5 பாகை, அதாவது புள்ளி ஃபோவியாவை விட்டு வெளியே. உடனே ஒரு சின்னத் தாவல் போட்டுக் கண் எட்டிப்பிடிக்கிறது. அதற்கு 25 மில்லிவினாடி ஆகும். மறுபடி பின்தங்கல், மறுபடி எட்டிப்பிடிப்பு. படிக்கட்டு இப்படித்தான் உருவாகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புதிதாகத் தரவு அலசுகிறவர்கள் தாவல்களை வெட்டி எடுக்காமல் சராசரி வேகத்தைக் கணக்கிட்டால், கெயின் 1-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கண் தாவியாவது புள்ளி போன தூரம் முழுவதையும் கடந்துவிடுகிறதல்லவா? நோயாளியும் நலமானவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். முதலில் தாவல்கள், கண் சிமிட்டல்கள், சிமிட்டலுக்கு முன்னும் பின்னும் ஒரு 100 மில்லிவினாடி, எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மிஞ்சிய வழுக்கல் துண்டுகளில் மட்டும் வேகம் பார்க்க வேண்டும்.

இனி மூன்று பழுதுகள். முதலாவது, வேகத்தை உணர்வதிலேயே குறை. கண்ணின் படம் மூளையின் பின்பக்கம் போய், அங்கிருந்து எம்.டி. என்ற பகுதிக்கு வருகிறது. அசைவைக் கணிப்பது அதன் தொழில். குரங்குகளில் அங்கே சிறு காயம் ஏற்படுத்தினால், நிற்கும் பொருளுக்குக் கண் சரியாகத் தாவும், ஓடும் பொருளின் வேகம் மட்டும் பிடிபடாது. இதைப் பிடிக்க நல்ல இடம் பின்தொடர்தலின் முதல் 100 மில்லிவினாடி. அப்போது கண்ணுக்குத் தன் பிழை எதுவும் இன்னும் திரும்பி வந்திருக்காது. புள்ளியின் வேகத்தை மட்டும் நம்பி முடுக்கம் எடுக்கிறது. முடுக்கம் மந்தமாக இருந்தால் சந்தேகம் எம்.டி. வழித்தடத்தின் மேல். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு, கண்ணை அசைக்கவே தேவையில்லாத சோதனைகளில்கூட, கொஞ்சமே வேறுபடும் இரண்டு வேகங்களில் எது அதிகம் என்று சொல்வது கடினமாக இருப்பதை 1999-ல் யூ சென், டெபோரா லெவி, ஹோல்ஸ்மன் உள்ளிட்ட குழுவினர் காட்டினார்கள். கண் தசையைக் குறைசொல்ல வழியில்லாத ஆதாரம் அது.

இரண்டாவது, எதிர்பார்ப்பில் குறை. ஊஞ்சல் போல ஆடும் புள்ளியை நாம் 'பார்த்து' மட்டும் பின்தொடர்வதில்லை. இரண்டாவது ஆட்டத்துக்குள் மூளை தாளத்தைப் பிடித்துவிடும். புள்ளி எங்கே திரும்பும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஓடும். இதைத் தனியாக அளக்க ஓடும் புள்ளியை அரை வினாடி மறைத்துவிடுவார்கள். நலமானவரின் கண், வேகம் குறைந்தாலும், இல்லாத புள்ளியின் பின்னால் வழுக்கிக்கொண்டே போகும். மனச்சிதைவில் இந்த ஓட்டம் சீக்கிரம் விழுந்துவிடுகிறது. இதற்குப் பொறுப்பு நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைக் கண்புலம். குரங்குகளில் அதைச் சேதப்படுத்தினால் கெயின் குறைவதோடு முன்கணிப்பும் போகிறது. பின்தொடரும்போது எடுத்த, மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படங்களிலும் நோயாளிகளுக்கு அந்த இடம் மந்தமாகவே எரிகிறது.

மூன்றாவது, அடக்குவதில் குறை. சிலரின் கெயின் மோசமில்லை, ஆனால் கண் பொறுமையில்லாமல் புள்ளியைத் தாண்டி முன்னால் குதித்துவிடும். புள்ளி வந்து சேரும்வரை அங்கே காத்திருக்கும். எட்டிப்பிடிக்கும் தாவலும் முந்தியோடும் தாவலும் வரைபடத்தில் ஒன்றுபோலவே தெரியும், தாவலுக்குப் பிறகு கண் புள்ளிக்கு அருகே வந்ததா, விலகியதா என்று பார்த்தால்தான் பிரியும். முன்பெல்லாம் "கண்ணும் புள்ளியும் எவ்வளவு விலகின" என்று ஒற்றை எண்ணாகப் போட்டார்கள். மூன்று பழுதும் அந்த ஒரே எண்ணில் கரைந்துபோகும். பல வருட ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அளக்கும் முறையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பிழை அங்கேதான். இன்றைய கருவிகள் அகச்சிவப்பு விளக்கு ஒன்றைக் கண்ணில் அடித்து, கண்மணியின் நடுவையும் கார்னியாவின் ஒளிப்புள்ளியையும் காமிராவில் ஒப்பிடுகின்றன. வினாடிக்கு 500 அல்லது 1000 படம் வேண்டும். 60 படம் எடுக்கும் மலிவுக் கருவியில் 25 மில்லிவினாடித் தாவலுக்கு ஒன்றிரண்டு புள்ளிதான் கிடைக்கும்; தாவலைக் கண்டுபிடிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. திரையும் முக்கியம். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது வினாடிக்கு 60 படம் காட்டும் திரையில், வினாடிக்கு 20 பாகை ஓடும் புள்ளி படத்துக்குப் படம் 0.33 பாகை குதிக்கிறது. 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் நல்லது. முகத்தைத் தாடைத் தாங்கியில் வைத்து, திரையை 57 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால் கணக்கு எளிது: திரையில் 1 சென்டிமீட்டர், கண்ணுக்கு 1 பாகை.

ஒன்பது புள்ளிகளைப் பார்க்கச் சொல்லிக் கருவியைக் கண்ணுக்குப் பொருத்தும் கேலிப்ரேஷன் செய்து, சராசரிப் பிழை 0.5 பாகைக்கு மேல் போனால் மறுபடி செய்ய வேண்டும். நோயாளி அசைந்துவிட்டார் என்று சமாதானம் சொல்லித் தொடர்ந்தால் மொத்தப் பதிவும் வீண். கண்மை பெரிய எதிரி. கருவி இருட்டான வட்டத்தைத்தான் கண்மணி என்று தேடுகிறது, தீட்டிய மையும் இருட்டுத்தான். கண்ணிமைக் கோட்டில் மை இருந்தால் 'கண்மணி' திடீரென்று கீழே இறங்கி ஓடும். துடைத்துவிட்டு வரச் சொல்வதுதான் வழி. மூக்குக்கண்ணாடியின் பிரதிபலிப்பு, மருந்துத் தூக்கத்தில் பாதி மூடிய இமை, இவையும் இதே ரகம்.

பிறகு மருந்தும் பழக்கமும். தூக்க மாத்திரை வகையான பென்சோடயசபைன் தாவலின் உச்ச வேகத்தைக் குறைக்கும். மனநிலையைச் சீராக்கக் கொடுக்கும் லித்தியம் பின்தொடர்தலைக் கெடுக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன் அளவு கூடினால் கண் தானாகவே துடிக்கும். புகை இதற்கு நேர்மாறு: நிகோட்டின் உள்ளே போன சற்று நேரத்துக்கு நோயாளிகளின் பின்தொடர்தலும் அடக்கும் திறனும் மேம்படுவதாகப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. மனச்சிதைவு உள்ளவர்களில் புகைப்பவர்கள் அதிகம். காலையில் இரண்டு சிகரெட் பிடித்துவிட்டு வந்தவரையும், வார்டில் ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தவரையும் ஒரே அட்டவணையில் போடக் கூடாது. கடைசிச் சிகரெட் எப்போது என்பதைக் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும்.

தூக்கக் கலக்கமா, நோயா என்று பிரிக்க ஒரு நல்ல உட்சோதனை உண்டு. தாவலின் நீளம் கூடக்கூட அதன் உச்ச வேகமும் ஒரு கட்டான விகிதத்தில் கூடும். மனச்சிதைவில் இந்த விகிதம் பொதுவாகக் கெடுவதில்லை. திடீரென்று தோன்றும் புள்ளியை நோக்கிச் சும்மா தாவச் சொன்னால் கண் சரியாகவே தாவுகிறது. தாவலுக்கான கடைசிக் கட்ட எந்திரம் மூளைத்தண்டில் இருக்கிறது, அது நலமாக இருக்கிறது. வேகமும் சேர்ந்து விழுந்திருந்தால் மருந்தையோ தூக்கத்தையோ சந்தேகிக்கலாம்.

பின்தொடர்தலைவிட எனக்கு அதிகம் பிடித்த சோதனை எதிர்த்தாவல். டொரண்டோவில் பீட்டர் ஹாலெட் 1978-ல் வகுத்தது. நடுவில் ஒரு புள்ளி. ஒன்று இரண்டு வினாடிக்குப் பிறகு பக்கவாட்டில் 8 முதல் 10 பாகை தள்ளி இன்னொன்று தோன்றும். அதைப் பார்க்கக் கூடாது. அதே தூரம் எதிர்ப்பக்கம், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்க வேண்டும். சர்வதேச அளவில் ஒத்துக்கொண்ட முறையில், தோன்றும் புள்ளியை நோக்கியே தாவும் நேர்த்தாவல் 60, எதிர்த்தாவல் 40 வீதம் மூன்று தொகுதி, கடைசியில் மறுபடி நேர்த்தாவல் 60. 80 மில்லிவினாடிக்குள் வந்த தாவல்களைக் கழித்துவிட வேண்டும். அவ்வளவு சீக்கிரம் புள்ளியைப் பார்த்துத் தாவ யாராலும் முடியாது, அவை குருட்டு ஊகங்கள்.

நலமானவர்களும் இதில் பிழை விடுவார்கள், ஐந்தில் ஒரு முறை வரைகூட. மனச்சிதைவு உள்ளவர்களுக்குப் பிழை அதைப்போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் போகும். பிழைக்கு அடுத்த நொடியைப் பாருங்கள். கண் தப்பான பக்கம் போய்விட்டு, பெரும்பாலும் யாரும் சொல்லாமலே, சரியான பக்கம் திரும்பிவிடுகிறது. விதி புரியவில்லை, கவனிக்கவில்லை என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. விதி தெரிந்திருக்கிறது, அனிச்சைத் தாவலை முந்திக்கொண்டு அந்த விதி போய்ச் சேரவில்லை, அவ்வளவே.

போய்ச் சேர வேண்டிய இடம் நடுமூளையின் மேல் குன்று. புள்ளி தோன்றியதும் 'தாவு' என்ற உந்துதல் அங்கே ஏறுகிறது. அதன் மேல் எப்போதும் ஒரு பூட்டு உண்டு: சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருங்கருவின் ஒரு பகுதி, காபா என்ற வேதிப்பொருளால் மேல் குன்றை விடாமல் அடக்கிவைக்கிறது. காடேட் என்ற கரு அந்தப் பூட்டைத் திறக்கும். எப்போது திறக்கலாம், எப்போது கூடாது என்ற கட்டளை நெற்றிப்புற மூளையிலிருந்து வரவேண்டும். நெற்றிப்புற மூளையில் காயம் பட்டவர்கள் எதிர்த்தாவலில் நோயாளிகளைப் போலவே தடுமாறுவதை 1985-லேயே கண்டார்கள். மனச்சிதைவோடு நெடுங்காலமாகத் தொடர்புபடுத்தப்படும் மூளை வேதிப்பொருளான டோபமினும் இதே தடத்தில் ஓடுவது, மனச்சிதைவு ஆய்வாளர்கள் இந்தச் சின்னச் சோதனையை விடாமல் பிடித்திருப்பதற்கு ஒரு காரணம்.

டோபமின் மட்டுமல்ல. மயக்க மருந்தான கீட்டமினைச் சிறு அளவில் நலமானவருக்குக் கொடுத்தால், அது குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் செய்தியை நரம்பணுவுக்குள் வாங்கும் என்.எம்.டி.ஏ. வாயில்களை அடைக்கிறது, கொஞ்ச நேரத்துக்குப் பின்தொடர்தலின் கெயினும் விழுகிறது. இல்லாத புள்ளியை அரை வினாடி மனதில் ஓடவிட, நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு செய்தியை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்கு என்.எம்.டி.ஏ. வாயில்கள் தேவை என்று கருதப்படுகிறது. இரண்டாவது பழுதுக்கு இது பொருத்தமான விளக்கம்.

இன்னொரு இழை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் ஓரத்தை இமைக்கு மேல் விரலால் மெதுவாக அழுத்துங்கள். உலகம் நகரும். கண்ணை நீங்களாக அசைத்தால் நகராது. காரணம், தசைக்கு ஆணை போகும்போதே அதன் நகல் ஒன்று "இது நாமே செய்தது" என்று மூளையின் மற்றப் பகுதிகளுக்குப் போய்விடுகிறது. குரங்குகளில் அந்த நகல் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாக முன்மூளைக் கண்புலத்துக்குப் போவதை 2002-ல் சாமரும் வுர்ட்ஸும் காட்டினார்கள். அடுத்தடுத்து இரண்டு புள்ளிகளைக் காட்டி இரண்டுக்கும் தாவச் சொன்னால், இரண்டாவது தாவல் குறி தப்பாமல் போக இந்த நகல் தேவை. மனச்சிதைவில் இங்கே தடுமாற்றம் தெரிகிறது. தன் கையை வேறு யாரோ அசைக்கிறார்கள், தன் எண்ணத்தை யாரோ உள்ளே போடுகிறார்கள் என்று நோயாளி சொல்வதற்கும் இதே நகல் தவறுவது காரணமாக இருக்கலாம் என்ற கருதுகோள் இதிலிருந்து வலுப்பெறுகிறது. கண்ணில் இதைப் பாகைக் கணக்கில் அளக்க முடிகிறது.

அப்படியானால் கண்ணைப் பார்த்து நோயைச் சொல்லிவிடலாமா? 2012-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகக் குழு, பின்தொடர்தல், ஒரே இடத்தை அசையாமல் பார்க்கும் நிலைநோக்கு, படங்களைச் சும்மா பார்க்கும்போது கண் அலையும் விதம் ஆகியவற்றைச் சேர்த்து, நோயாளிகளையும் நலமானவர்களையும் 98 விழுக்காட்டுக்கு மேல் சரியாகப் பிரித்ததாக வெளியிட்டது. செய்தித்தாள்கள் கொண்டாடின. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் கணக்கு இப்படி: நூறில் ஒருவருக்கு நோய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1000 பேரில் 10 பேர் நோயாளிகள். சோதனை அவர்களைப் பிடித்துவிடும். மீதி 990 பேரில் 2 விழுக்காடு, அதாவது 20 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். 'நோய் உண்டு' என்று சொல்லப்பட்ட 30 பேரில் 20 பேருக்கு நோயில்லை. தவிர, மருத்துவரின் முன்னால் வருகிற கேள்வி நலமானவரா நோயாளியா என்பது அபூர்வம். மனச்சிதைவா, மனம் மாறிமாறி உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் போகும் இருமுனைக் கோளாறா என்பதுதான் தலைவலி. இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கும் பின்தொடர்தல் கெடுகிறது.

அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2016-ல் இதைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு என்ற பெயர்ச்சீட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, எதிர்த்தாவல், மூளை மின்அலை, அறிவுத்திறன் முதலிய சோதனைகளை மட்டும் கொண்டு நோயாளிகளைப் பிரித்தால் மூன்று குழுக்கள் வந்தன. அவை மருத்துவர் எழுதிய பெயர்களோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு குழுவிலும் எல்லாப் பெயர்களும் கலந்திருந்தன. கண் கண்டது மூளைச் சுற்றின் பழுதை. நோயின் பெயர் அதில் எழுதியிருக்கவில்லை.

குடும்பத்தார் வழக்கமாகக் கேட்பது வேறு: "தம்பிக்கும் இந்தக் கண் சோதனை எடுத்துப் பார்த்துவிடலாமா, அவனுக்கும் வருமா என்று தெரிந்துவிடுமே?" வேண்டாம். நோயாளியின் உடன்பிறந்தவர்களில் கண் தடுமாறுகிறவர் பலர், நோய் வருகிறவர் பத்தில் ஒருவர் அளவில்தான். தம்பியின் கோடு படிக்கட்டாக வந்தாலும், பெரும்பாலும் அவன் அண்ணனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, நன்றாகவே இருப்பான்.